லீவில் இருந்தவர்

2021 ஜனவரி 4, திங்கள்

வருஷா வருஷம் கம்பெனி டைரிக்கு அடிபிடியாக இருக்கும். டீலர்கள், லாரி ஆபீஸ்காரர்கள், பேங்க்காரர்கள் என்று வரிசையாக வந்து வாங்கிப் போவார்கள். எங்களுக்குக் காலண்டரோடு சரி. இந்த வருஷம் கொரோனாவால் ஒருத்தரும் வரவில்லை. ஸ்டோரில் ரெண்டு பெட்டி டைரி பிரிக்காமல் கிடக்கிறது. எலி தின்பதற்குப் பதிலாக நான் எழுதிக்கொள்கிறேன் என்று ஒன்றைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

என் பேர் மயிலாத்தாள். பம்பு கம்பெனியில் டீ போடுகிறேன், காண்ட்ராக்டில். படிப்பு அஞ்சாவது. ஆறாம் வகுப்பு வாத்தியார் புண்ணியம் செய்தவர், என்னிடம் மாட்டவில்லை. எங்க வீட்டுக்காரர் நாச்சிமுத்து அதே கம்பெனியில் பவுண்டரியில் மோல்டிங், இருபத்தேழு வருஷம், பர்மனெண்ட். ஒரே மகள் யமுனா, பல்லடத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது.

டைரியைப் பார்த்துவிட்டு, "என்னயப் பத்தித் தப்பா எழுதிப் போடாத" என்றார்.

"நல்லதா எழுத ஏதாச்சும் செஞ்சாத்தானுங்க மாமா."

ஜனவரி 5

காலை டீ 417. சில்வர் டம்ளரை நிறுத்திவிட்டு இப்போது பேப்பர் கப். ஸ்டோர்காரர் கப் கணக்கு கேட்கிறார். தனியாக நோட்டு எதுக்கு, இதிலேயே எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 11

இன்றைக்கு டைரக்டர்கள் மீட்டிங். எல்லாரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில். முன்னெல்லாம் பதினோரு டீ, ரெண்டு சர்க்கரை இல்லாமல், எம்.டி.க்கு மட்டும் பச்சைத் தண்ணி மாதிரி ஒரு டீ. இன்றைக்கு ரூமில் அபர்ணா மேடம் மட்டும்தான்.

அபர்ணா மேடம்தான் கம்பெனி செக்ரட்டரி. வந்த புதுசில் யாருக்கோ லெட்டர் டைப் அடிக்கிறவர் என்று நினைத்திருந்தேன். அது இல்லையாம். கம்பெனி எப்படி ஓடுகிறது, உள்ளே என்ன நடந்தது என்று பங்கு மார்க்கெட்டுக்கு எழுதிக் கொடுக்கிறது அவர் வேலை. நல்லது மட்டும் எழுதினால் போதுமா என்று கேட்டேன். "கெட்டதையும் எழுதணும்க்கா. எழுதலைன்னா குத்தம்" என்றார். அப்படியானால் என் மாமியாருக்கு இந்த வேலை கொடுத்திருக்கலாம், கெட்டதை ஒன்று விடாமல் சொல்லியிருக்கும் என்றேன். மேடம் மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தார்.

நாங்களும் கம்பெனியின் பங்குதாரர்கள்தான், தெரியுமா? இருபத்தஞ்சாவது வருஷ விழாவில் பர்மனெண்ட் ஆட்களுக்கு ஆளுக்குப் பத்து ஷேர் கொடுத்தார்கள். சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்த எல்லாருக்கும் ஏமாற்றம். மாமா என் பேரையும் சேர்த்து வாங்கினார். வருஷா வருஷம் கல்யாண மண்டபத்தில் பங்குதாரர் கூட்டம் நடக்கும். மைசூர்பாகு, மிக்சர், வாழைப்பழம் வைத்து ஒரு டப்பா. அந்த டப்பாவைக் கட்டுவதும் நான், பிறகு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ப் பங்குதாரராக வாங்குவதும் நான்.

ஏப்ரல் 26, திங்கள்

காலை டீ 411. விரல் வைக்கிற மெஷினைத் தொட்டால் கொரோனா ஒட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பரணில் கிடந்த பழைய பஞ்ச் கார்டுகளும் மெஷினும் இறங்கிவிட்டன. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். கார்டைக் குத்தும்போது 'டக்'கென்று கேட்டால்தான் வேலைக்கு வந்த மாதிரி இருக்கிறதாம்.

மே 3, திங்கள்

காலை டீ 402.

பாதி ஆளை வைத்துத்தான் ஓட்டலாம் என்று அனுமதி. ஆக்சிஜன் பிளான்டுக்குப் பாகம் வார்க்கிற ஆர்டர் வேறு தலைக்கு மேல். பர்சனல் மேனேஜர் கோகுல்நாத் சார் நான் டீ போடுகிற பேன்ட்ரிக்கே வந்துவிட்டார். கையில் ரப்பர்பேண்ட் போட்ட கார்டுக் கட்டுகள், இருநூறுக்கு மேல்.

"மயிலக்கா, இது உங்க பிஸ்கட் டின்ல இருக்கட்டும். ஆளுங்க வேலைக்கு வருவாங்க, சம்பளமும் உண்டு. கார்டு மட்டும் இந்த மாசம் லீவு. ஆர்டர் முடியற வரைக்கும் ஒரு ஆளு கொறையக் கூடாது."

செக்கிங் வருகிறவர்கள் டைம் ஆபீசில் ராக்கில் இருக்கிற கார்டைத்தான் எண்ணுவார்களாம். பேன்ட்ரி டின்னை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? வெளியே, வீட்டில்கூட, யாரும் இதைப் பேசக் கூடாது என்று உள்ளே வேலை செய்கிற எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டதாம்.

இத்தனை வருஷத்தில் சார் என்னிடம் ஒரு உதவி கேட்டதில்லை. பிஸ்கட்டை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டு அடுக்கி வைத்தேன். மூன்றாவது கட்டில் மாமா கார்டு. சாயந்திரம் வீட்டில் சொன்னேன், "ஒரு மாசத்துக்கு நீங்க என் டின்னுக்குள்ளதான் இருக்கோணும். மூச்சு விடக்கூடாது."

அவர் சிரிக்கவில்லை. கார்டு குத்தாமல் உள்ளே போவது செருப்புப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போகிற மாதிரி இருக்கிறது என்றார். மனுஷனுக்கு எப்போதும் இப்படி ஏதாவது ஒரு குறை.

மே 5

காலை டீ 404. செக்கிங் வந்தார்கள், ரெண்டு பேர். டைம் ஆபீசோடு திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கும் நான்தான் டீ கொடுத்தேன். டின்னுக்கு மேலேயே தட்டை வைத்து ஊற்றினேன். எனக்கே சிரிப்பு.

மே 7

காலை டீ 396. பவுண்டரியில் கோர் ஷாப் பக்கம் நாலு பேருக்கு இருமல். கஷாயம் வைத்து அனுப்பினேன்.

மே 9, ஞாயிறு

நாளையிலிருந்து முழு ஊரடங்கு. எங்கள் கம்பெனிக்கு மட்டும் பாஸ் உண்டு. மாமா காலையில் ஆறுக்குட்டி அண்ணன் வீட்டுக்குப் போய் சைக்கிள் பம்பு வாங்கி வந்தார். ரெண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து மோல்டிங் பெட்டி. ஆறுக்குட்டி அண்ணன் கார்டு ராக்கில் இருக்கிறது. "அவன் ரிஜிஸ்டர்ல இருக்கான், நான் ரொட்டி டின்ல இருக்கேன்" என்று மாமாவே இப்போது கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டார். நான் பழக்கிய பழக்கம்.

போன இடத்தில் அண்ணன் வீட்டம்மா நஞ்சம்மாள் வாசலில் சேர் போட்டு மோர் கொடுத்ததாம். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

மே 10, திங்கள்

காலை டீ 381.

மாமா எழுந்திருக்கச் சோம்பல். உடம்பு கசகசவென்று இருக்கிறது, காய்ச்சல் மாதிரி தெரிகிறது, இன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிடலாமா என்று கட்டிலில் இருந்தே கேட்டார். நான் சட்னி அரைத்துக்கொண்டு இருந்தேன்.

"ஒரு வாரமா நீங்க லீவுலதான் மாமா இருக்கீங்க. லீவுல இருக்கற ஆளுக்கு எவன் இன்னொரு லீவு குடுப்பான்? எந்திரிங்க" என்றேன்.

சிரித்துவிட்டார். பிறகு எழுந்து குளிக்காமல் முகம் மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பினார். இட்லி நாலு சாப்பிடுகிறவர் ஒன்றோடு நிறுத்திவிட்டார்.

மே 12

காலை டீ 352. அதில் மாமா கப் இல்லை, ஆறுக்குட்டி அண்ணன் கப்பும் இல்லை. மாமா கட்டிலில். எனக்கு மூக்கொழுகல் மட்டும். சுக்குக் காப்பி, ஆவி.

மே 14

டீ போடப் போகவில்லை. மாமாவுக்கு வாசனை தெரியவில்லை. பூண்டை நசுக்கி மூக்குக்கிட்ட வைத்தேன். "மல்லிகைப் பூவா?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று வைத்துக்கொண்டேன்.

மே 15

ஆஸ்பத்திரி. வாசலில் ஆம்புலன்சிலேயே ஆறு மணி நேரம். பிறகு படுக்கை கிடைத்தது. என்னை உள்ளே விடவில்லை.

மே 18

ஆறுக்குட்டி அண்ணன் போய்விட்டார்.

மாமாவிடம் சொல்லவில்லை. போனில் நல்லாத்தான் பேசினார். பத்து வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார். மோட்டாரில் தண்ணி இல்லாமல் காத்து வாங்குகிற மாதிரி இருக்கிறது, ஒரு நல்ல பம்பா பார்த்து மாட்டச் சொல்லட்டுமா என்றேன். சிரித்ததில் இருமல் வந்து போனை வைத்துவிட்டார். இனிமேல் சிரிக்க வைக்கக் கூடாது.

மே 22, சனி

காலை ஆறே காலுக்கு மாமா செத்துப் போனார்.

மே 23

யமுனா வர முடியவில்லை. பாஸ் கிடைக்கவில்லை. போனில் பார்த்தாள். மூடிக் கட்டியிருந்தார்கள், என்னத்தைப் பார்த்திருப்பாள்.

ஜூன் 14, திங்கள்

வேலைக்குப் போனேன். காலை டீ 208. இப்போது நிஜமாகவே பாதி ஆள்தான்.

கப்பில் ஊற்றும்போது ஒன்று கூடுதலாக ஊற்றிவிட்டேன். கொட்ட மனசில்லாமல் நானே குடித்துவிட்டேன்.

கோகுல்நாத் சார் வந்து ரொம்ப நேரம் நின்றார். நல்ல மனுஷன்தான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. டின்னில் இருந்த கார்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். என்னைப் பர்மனெண்ட் பண்ணச் சொல்லி எம்.டி.யிடம் பேசியிருக்கிறாராம். பிறகு குரலை இறக்கி, "அந்த மே மாச விசயம் நம்மளோட இருக்கட்டும்க்கா" என்றார்.

சரியென்று தலையாட்டினேன். மாமா கார்டைத் தனியாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

ஜூன் 29

நேற்று டைரக்டர்கள் மீட்டிங். கம்பெனிக்கு லாபம். ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள்.

இன்றைக்குத் தமிழ்ப் பேப்பரில் ரிசல்ட்டைக் கட்டம் போட்டு விளம்பரம் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி. எழுத்துக் கூட்டிப் படித்தேன், மூன்று தடவை. ஆலைக்குள் தொற்று பரவியதாக வந்த பேச்சு பற்றிப் பங்கு மார்க்கெட் கேட்டதற்குக் கம்பெனி கொடுத்த பதில். அனுமதித்த பாதி ஆளோடுதான் ஆலை ஓடியதாம். ஆலைக்குள் யாருக்கும் பரவவில்லையாம். இறந்த ரெண்டு பேரில் ஒருவர் மே மாதம் முழுவதும் விடுப்பில் இருந்தவராம். அவருக்கு வெளியில் தொற்றியதாம். அவரை வேலை நேரத்துக்கு வெளியே சந்தித்ததில் இன்னொருவருக்கும் பரவியதாகத் தெரிகிறதாம்.

விடுப்பில் இருந்தவர் என்றால் எங்க மாமாதான்.

சாயந்திரம் அந்தப் பேப்பரில்தான் வடை மடித்துக் கொடுத்தேன். வேறு பேப்பர் இல்லை.

ஜூலை 4, ஞாயிறு

நஞ்சம்மாளைப் பார்க்கப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தது. அதுவும் பேப்பர் செய்தியைப் படித்திருக்கிறது, மருமகள் படித்துக் காட்டினாளாம்.

"லீவப் போட்டுட்டு ஊரச் சுத்தி வாங்கிட்டு வந்து, எங்கூட்டு வாசல்ல எறக்கி வெச்சிட்டுப் போயிட்டாருல்ல உன் ஊட்டுக்காரரு? என் கையால மோரு வேற ஊத்திக் குடுத்தேன்."

இல்லை நஞ்சு, அவர் தினமும் வேலைக்குத்தான் வந்தார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் சொல்லவே இல்லையா என்றும் வந்தது. ஆறுக்குட்டி அண்ணன் வாய் திறக்காத மனுஷன். சொல்லாதே என்றால் சொல்ல மாட்டார்.

நான் சொல்லவில்லை. பர்மனெண்ட் ஆர்டர் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது என்று சார் வெள்ளிக்கிழமைதான் சொன்னார்.

திரும்பும்போது பிள்ளையார் கோயில்கிட்டத் தெருக்காரர்கள் என்னைப் பார்த்து ஒதுங்கின மாதிரி இருந்தது. கொரோனாவுக்கு ஒதுங்குவது பழக்கம்தானே.

ஜூலை 19

காலை டீ 290. அபர்ணா மேடம் பேன்ட்ரிக்கு வந்தார். கறுப்புக் காப்பி வேண்டும் என்றார். வந்தது காப்பிக்கு இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

"அக்கா, மே மாசம் தினம் எத்தனை டீ போட்டீங்க?"

கேட்ட விதம் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. டிகாஷனைப் பார்த்துக்கொண்டே, "பாதிதானுங்க மேடம், எரநூறு எரநூத்திப் பத்து" என்றேன்.

பங்கு மார்க்கெட்டுக்குப் போன பதிலில் அவர்தான் கையெழுத்துப் போட்டாராம். பர்சனல் ஆபீசில் கொடுத்த தாளைப் பார்த்துப் போட்டாராம். "ஸ்டோர்ல மே மாசக் கப்பு நாலாயிரம் கூடுதலா போயிருக்குக்கா" என்றார். எலி என்றேன். இந்தத் தடவை மேடம் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 2

பர்மனெண்ட் ஆர்டர் வந்தது. பிரேம் போடுகிற மாதிரி கெட்டித் தாள். இருபது வருஷமாகக் கேட்டது.

ஆகஸ்ட் 15

யமுனா குழந்தையோடு வந்துவிட்டுப் போனாள். அவள் மாமியார் வீட்டில் ஜாடையாகப் பேசுகிறார்களாம், உங்கப்பன் லீவில் சும்மா கிடக்காமல் ஊர் மேய்ந்துதான் ஒரு குடும்பத்தையே சாய்த்தான் என்று. அழவில்லை. "அப்பா எங்கதான்மா போனாரு அந்த மாசம்?" என்று கேட்டாள்.

எங்கேயும் போகவில்லை என்றேன்.

"அப்ப எப்படி வந்துச்சு?"

பாப்பாவுக்குப் பசிக்கிறது பார் என்றேன்.

ஆகஸ்ட் 31

மாமா போனுக்கு மெசேஜ் வந்தது. அன்புள்ள பங்குதாரரே, செப்டம்பர் 23 அன்று ஆண்டுக் கூட்டம், வீடியோவில். பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே பேரைப் பதியவேண்டும். ஆளுக்கு மூன்று நிமிஷம். அந்த போனை நான் அணைக்கவே இல்லை, சார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மண்டபம் இல்லை, அதனால் டப்பாவும் இல்லை.

செப்டம்பர் 8

யமுனாவுக்கு போன் செய்து என் பேரைப் பதியச் சொன்னேன். ரெண்டு பேர் பேரிலும் ஷேர் இருப்பதால் நான் பேசலாம் என்று பதில் வந்துவிட்டது. மிக்சர் டப்பா கேட்கப் போகிறாயா என்று கிண்டல் பண்ணினாள். எனக்குப் பிறந்தது வேறு எப்படி இருக்கும். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 23, வியாழன்

எழுதிவிடுகிறேன், மறப்பதற்குள்.

லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். யமுனா காலையிலேயே வந்துவிட்டாள். போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தாள். பட்டுப்புடவை கட்டவில்லை, வெள்ளைச் சீலை வேண்டாம் என்று நீல நூல் சேலை. எனக்கு முன்னால் நாலு பேர் பேசினார்கள். லாபம் வந்தும் பங்கு விலை ஏன் ஏறவில்லை என்று ஒருத்தர். வருஷக் கணக்குப் புத்தகத்தை நல்ல தாளில் அச்சடிக்கலாமே என்று ஒருத்தர். சேர்மன் ஐயா எல்லாருக்கும் பொறுமையாக நன்றி சொன்னார். பிறகு என் பேர். மாமா பேரை முதலில் சொல்லி, என் பேரைப் பிறகு.

முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன். ஐயா, நாங்க மிக்சர் டப்பாவுக்குத்தான் பங்குதாரர் ஆனோம், அதையும் நிறுத்திப் போட்டீங்களே என்றேன். யாரோ சிரித்தது கேட்டது. சேர்மன் ஐயாவும் சிரித்தார். அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாருக்கும் நல்ல பேர்.

டைரியைத் திறந்தேன். மே மூன்றாம் தேதி காலை டீ நானூத்தி ரெண்டு என்று படித்தேன். மே அஞ்சு, நானூத்தி நாலு. மே ஏழு, முந்நூத்தித் தொண்ணூத்தாறு. நீங்கள் எழுதிக் கொடுத்தது பாதி ஆள். மிச்சப்பேர் கார்டை பிஸ்கட் டின்னில் நான்தான் அடுக்கி வைத்தேன். அதில் எங்க வீட்டுக்காரர் கார்டும் இருந்தது. அவர் லீவில் இல்லை. மே பத்து வரைக்கும் ஒருநாள் தவறாமல் வேலைக்கு வந்தார். ஆறுக்குட்டி அண்ணனுக்குப் பக்கத்துப் பெட்டியில் நின்று வேலை செய்தார்.

அப்போது எம்.டி.யோ யாரோ இடையில், இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும், அந்த ஊழியர் விடுப்பில் இருந்ததற்கு ரிஜிஸ்டர் இருக்கிறது என்றார். கோபமாகக்கூட இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆதாரம் என்று கேட்டதும் எனக்கு வாய் தானாக வந்துவிட்டது.

"லீவுல இருந்திருந்தா, பத்தாந்தேதி காலைல எங்கிட்ட லீவு கேப்பாருங்களா ஐயா? காய்ச்சலா இருக்குது, ஒரு நாளைக்கு லீவு போட்டுறட்டுமான்னு கேட்டாரு. ரிஜிஸ்டர்ல நீங்க லீவுதான, எந்திரிச்சுப் போங்கன்னு நாந்தானுங்க அனுப்பி வெச்சேன். சிரிச்சுக்கிட்டே போனாரு. அதுக்கு மேல என்னுங்க ஆதாரம் வேணும்?"

பிறகு, நேரம் முடிந்தது, நன்றி, அடுத்த பங்குதாரர் என்று ஒரு பெண் குரல். என் சத்தம் போய்விட்டது. நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன் போல.

யமுனா போனை எடுத்து அணைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாப்பா துணியைப் பையில் வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். தோசை ஊற்றியிருந்தேன், ரெண்டு. அப்படியே இருந்தது.

செப்டம்பர் 24

கோகுல்நாத் சார் கேட்டிலேயே நின்றிருந்தார். கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்றார். "என்னையும் சேத்துக் கவுத்துட்டீங்களே மயிலக்கா" என்றார். "நானுந்தானுங்க சார் சேந்து விழுந்திருக்கேன்" என்றேன்.

செப்டம்பர் 26, ஞாயிறு

நஞ்சம்மாள் வந்தது. அதுவும் பங்குதாரர்தானே, மருமகள் போனில் கூட்டத்தைக் கேட்டிருக்கிறது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டது. சேர் போட்டும் உட்காரவில்லை.

"பாதி ஆளுதான் நஞ்சு, எட்ட எட்டத்தான் நிக்கிறோம், பயப்படாதேன்னு எங்கூட்டுக்காரரு தெனமும் சொன்னாருடி. தெனமும். நான் பயப்படுவேன்னு சொல்லிருக்காரு."

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தது.

"உன் ஊட்டுக்காரர நான் திட்டுன திட்டையெல்லாம் எங்க கொண்டுபோய் எறக்கட்டும்?" என்றது.

என்னிடமே இறக்கிவிட்டுப் போ, எனக்குத்தான் சேரவேண்டியது என்றேன். கிண்டலாகத்தான் சொல்ல வந்தேன். கிண்டல் மாதிரி வரவில்லை. நஞ்சம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தது. யமுனாவைப் பற்றிக் கேட்டது. நல்லா இருக்கிறாள் என்றேன்.

அவளுக்கு நான் போன் செய்தால் எடுப்பதில்லை.

செப்டம்பர் 30

அபர்ணா மேடம் போன் செய்தார். கூட்டம் முடிந்ததுமே டைரியில் மே மாசத்துத் தாள்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார், திங்கள்கிழமை அனுப்பியிருந்தேன். ஸ்டோர் கப்புக் கணக்கோடு அது ஒத்துப்போனதாம். டைரக்டர்களில் ரெண்டு பேர் பிடிவாதமாக நின்றார்களாம். இன்றைக்குப் பங்கு மார்க்கெட்டுக்குத் திருத்தம் போய்விட்டது. படித்துக் காட்டினார், தமிழில் சொல்லிச் சொல்லி.

முன்பு அளித்த விளக்கம் தவறானது. மே மாதத்தில் அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமான ஊழியர்கள் ஆலையில் இருந்தனர். மறைந்த இரு ஊழியர்களும் அப்போது பணியில் இருந்தவர்கள்.

கடைசி வரியை மறுபடியும் படிக்கச் சொன்னேன். படித்தார்.

மாமா பேர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"பேர் போடற வழக்கம் இல்லக்கா."

பரவாயில்லை என்றேன். ஜூலையிலேயே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காமல் கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்று மட்டும் சொன்னார். வேறு கம்பெனி பார்க்கிறாராம். போகிற இடத்தில் டீ போடுகிறவளை முதலில் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அக்டோபர் 2, சனி

திருத்தம் வந்த பேப்பரை வாங்கினேன். நாலு வரி. யமுனா மாமியார் வீட்டுக்கு நஞ்சம்மாளே ஒரு பேப்பர் வாங்கிக் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்ததாம். யமுனா காப்பி போட்டுக் கொடுத்தாளாம்.

அக்டோபர் 6, புதன்

இன்றைக்கு மகாளய அமாவாசை. மாமாவுக்குப் படையல் வைத்தேன். வடை, பாயசம், அவருக்குப் பிடித்த கத்திரிக்காய். ஒரு ஆளுக்குச் சமைக்க இன்னும் கை வரவில்லை, மிஞ்சிப் போய்விட்டது.

மத்தியானம் யமுனா போன் செய்தாள். அவளாகவே. பதிமூன்று நாளைக்குப் பிறகு. அப்பாவுக்குப் படைத்தாயா என்று கேட்டாள். என்னென்ன வைத்தாய் என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாப்பா பின்னால் கத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, அன்னைக்குக் காலைல அப்பா நெத்தியத் தொட்டுப் பாத்தியா?"

ஏதாவது கிண்டல் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

"இல்ல அம்மிணி."

"ஏம்மா?"

"கிட்டத்துலதான் இருந்தேன். கை கழுவிட்டு ரெண்டு எட்டு வெச்சா கட்டிலு. தொட்டா சூடு தெரிஞ்சிரும், தெரிஞ்சா அனுப்ப முடியாது. ஒரு ஆளு கொறையக் கூடாதுன்னு சாரு சொல்லியிருந்தாரு. அதான் தொடல."

அவள் போனை வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நானும் வைக்கவில்லை. போன் காதில் சூடேறிக்கொண்டே வந்தது. கையை மாற்றாமல் அப்படியே வைத்திருந்தேன்.